ஒரு முகவரிக்கு இரண்டு லோட் பேலன்சர்கள்: எந்த நெறிமுறை எதோடு சேரும்?

கேள்வியின் சாரம் இது. ஒரே விலேனில் (தனியாகப் பிரித்த உள்வலையில்) இரண்டு லோட் பேலன்சர்கள், அதாவது வரும் போக்குவரத்தைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் இயந்திரங்கள், இருக்கின்றன. ஒன்று லினக்ஸ் இயந்திரம். அதில் போக்குவரத்தைப் பிரித்தளிக்கும் எச்ஏபிராக்சியும், விஆர்ஆர்பி என்ற நெறிமுறையில் முகவரியை மாற்றிக்கொள்ளும் கீப்அலைவ்டும் ஓடுகின்றன. மற்றொன்று ஃப்ரீபிஎஸ்டி அடிப்படையிலான ஃபயர்வால்; அதிலும் எச்ஏபிராக்சி உண்டு, ஆனால் முகவரியை மாற்றிக்கொள்ளும் வேலையைக் கார்ப் என்ற நெறிமுறை செய்கிறது. மேலே உள்ள இரண்டு ரூட்டர்களும் தங்களுக்குள் எச்எஸ்ஆர்பி பேசுகின்றன. இரண்டு லோட் பேலன்சர்களும் ஒரே ஐபி முகவரியைப் பகிர வேண்டும். அந்த முகவரியில் 443-ஆம் போர்ட்டில் வலைத்தளமும் 53-ஆம் போர்ட்டில் டிஎன்எஸ்ஸும் கிடைக்க வேண்டும். இதற்குப் பொருந்தும் நெறிமுறை எது?

நேரடியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்ப்பும் விஆர்ஆர்பியும் ஒரு முகவரியைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள முடியாது. ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகளே உள்ளன: இரு இயந்திரங்களையும் ஒரே வகையாக்கிவிடுவது, அல்லது யாரிடம் போக்குவரத்தை அனுப்புவது என்று தீர்மானிக்கும் பொறுப்பைப் பிஜிபி (பாதைகளை ரூட்டர்களுக்கு அறிவிக்கும் நெறிமுறை) வழியாக மேலே உள்ள ரூட்டர்களிடம் ஒப்படைப்பது. ரூட்டர்களின் அமைப்பு உங்கள் கையில் இருக்குமானால் நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். எச்எஸ்ஆர்பி இந்தத் தேர்வுக்குள்ளேயே வராது. அது சிஸ்கோவின் சொந்த நெறிமுறை. யூடிபி 1985-ஆம் போர்ட்டில் ஓடுகிறது. ரூட்டர்களின் கேட்வே முகவரியை, அதாவது வெளியே போகும் பாக்கெட்டுகள் முதலில் செல்லும் முகவரியை, காப்பது அதன் வேலை. அதை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடலாம்.

ஏன் இப்படி என்பதை விளக்க, "முகவரியைப் பகிர்தல்" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தச் சொல்லை நாம் மூன்று வெவ்வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துகிறோம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் முகவரியை வைத்திருந்து, அவர் விழுந்தால் மற்றவர் எடுத்துக்கொள்வது ஒன்று. இருவரும் ஒரே நேரத்தில் வைத்திருக்க, ரூட்டர் இருவருக்கும் பிரித்து அனுப்புவது இன்னொன்று. ஒரே முகவரியின் டிசிபி 443 ஒருவருக்கும் யூடிபி 53 மற்றொருவருக்கும் என்று போர்ட் வாரியாகப் பங்கிடுவது மூன்றாவது. முதல் வகையில் லோட் பேலன்சர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கின்றன. அப்படிப் பேசுகிறவர்கள் நெறிமுறையில் மட்டுமல்ல, அதன் பதிப்பிலும் காலஇடைவெளியிலும் ஒத்துப்போக வேண்டும். இரண்டாம் வகையில் அவை ஒன்றோடொன்று பேசுவதே இல்லை. ஒவ்வொன்றும் ரூட்டரோடு பேசினால் போதும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். விஆர்ஆர்பி 1998-இல் ஆர்எஃப்சி (இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவண வரிசை) 2338 ஆக வந்தது. இரண்டாம் பதிப்பின் திருத்திய வடிவம் 2004-இல் ஆர்எஃப்சி 3768 ஆகவும், மூன்றாம் பதிப்பு 2010-இல் ஆர்எஃப்சி 5798 ஆகவும் வெளிவந்தன. மூன்றாம் பதிப்பைத் திருத்தி 2024-இல் ஆர்எஃப்சி 9568 வந்துள்ளது. இது டிசிபியும் அல்ல, யூடிபியும் அல்ல. ஐபியின் மேல் 112 என்ற தனி நெறிமுறை எண்ணில் ஓடுகிறது. முதன்மையில் இருக்கும் இயந்திரம் 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (ஒரு குழுவில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சேரும்) முகவரிக்கு, இயல்பாக ஒரு விநாடிக்கு ஒருமுறை, "நான் இருக்கிறேன்" என்று அறிவிக்கிறது. ஃபயர்வால் விதிகளில் டிசிபியையும் யூடிபியையும் மட்டும் அனுமதித்துவிட்டு, 112-ஐ மறந்துபோய், இரண்டு இயந்திரங்களும் தாமே முதன்மை என்று உட்கார்ந்துகொண்ட கதை இந்தத் துறையில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றாவது இருக்கும்.

கார்ப் 2004 மே மாதம் ஓபன்பிஎஸ்டி 3.5-உடன் வந்தது. விஆர்ஆர்பியின் மேல் சிஸ்கோ காப்புரிமை கோரியதால், அதைத் தவிர்த்து ஓபன்பிஎஸ்டி குழுவினர் தாமே ஒன்றை எழுதினார்கள். தனி நெறிமுறை எண் கேட்டும் கிடைக்கவில்லை என்பது அவர்கள் தரப்பு. ஆகவே அவர்களும் 112-ஐயே எடுத்துக்கொண்டார்கள். மல்டிகாஸ்ட் முகவரியும் அதே 224.0.0.18, மெய்நிகர் மேக் முகவரியின் (விலேனுக்குள் ஒரு இடைமுகத்தை அடையாளம் காட்டும் முகவரி) முதல் ஐந்து பைட்டுகளும் அவையே, ஆறாவது பைட்டில் குழு எண் (ஒரு முகவரியைப் பகிரும் இயந்திரங்களுக்குப் பொதுவான எண்) வருவதும் அப்படியே. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே வேறு வேறு.

இந்த ஒற்றுமை எவ்வளவு ஏமாற்றும் என்பதை ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். கார்ப் ஓடும் விலேனில் ஒரு லினக்ஸ் இயந்திரத்திலிருந்து பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓட்டி 112-ஆம் நெறிமுறையை மட்டும் பாருங்கள். அது கார்ப் பாக்கெட்டை விஆர்ஆர்பி இரண்டாம் பதிப்பு என்றே நம்பி அச்சிடும்: குழு எண் 1, முன்னுரிமை 0, இடைவெளி 1 விநாடி, நீளம் 36, முகவரிகள் 7 என்று வரும். அந்த ஏழு முகவரிகளும் நீங்கள் எங்கும் பார்த்திராதவையாக இருக்கும், அவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொரு பாக்கெட்டிலும் மாறிக்கொண்டே இருக்கும். யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று பயந்துவிட வேண்டாம். கார்ப்பின் தலைப்பகுதி 8 பைட்டுகள். அதற்குப் பின் 8 பைட்டு எண்ணியும், ஷா-1 முறையில் கணித்த 20 பைட்டுச் சரிபார்ப்புக் குறியும் வருகின்றன. ஆக 28 பைட்டுகள். விஆர்ஆர்பியாகப் படிக்கும் நிரல் அந்த 28-ஐ நான்கு நான்காக வெட்டி ஏழு ஐபி முகவரிகளாகக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமானது அந்த "முன்னுரிமை 0". விஆர்ஆர்பியில் முன்னுரிமை இருக்கும் அதே பைட்டில் கார்ப் தன் தாமத எண்ணை வைக்கிறது. விஆர்ஆர்பியில் எண் பெரிதானால் உரிமை கூடும்; கார்ப்பில் எண் சிறிதானால்தான் கூடும். கார்ப்பில் 0 என்பது "நானே முதல்வன்" என்று பொருள்படும். விஆர்ஆர்பியில் 0 என்பதோ "நான் விலகுகிறேன், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவிப்பு. ஒரே பைட், ஒரே மதிப்பு, நேர் எதிரான பொருள். நடைமுறையில் விஆர்ஆர்பி நிரல்கள் அந்த ஏழு விசித்திர முகவரிகளைப் பார்த்ததுமே பாக்கெட்டை நிராகரித்துவிடும். கார்ப்பும் தன் சரிபார்ப்புக் குறி இல்லாத பாக்கெட்டை ஏற்காது. ஆகவே ஒன்றை ஒன்று கேட்காமல் இரண்டுமே முதன்மை நிலைக்குப் போகும். இரண்டும் உங்கள் முகவரிக்கான ஏஆர்பி கேள்விக்கு, அதாவது "இந்த ஐபி முகவரி எந்த மேக்கில்?" என்ற கேள்விக்கு, பதில் சொல்லும். எந்தப் பதில் கடைசியில் வந்ததோ அங்கே போக்குவரத்து போகும்.

ஒரே விலேனில் கார்ப்பும் விஆர்ஆர்பியும் வெவ்வேறு முகவரிகளுக்காக ஓடுவதில் தவறில்லை; குழு எண்கள் மட்டும் வேறாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை அலட்சியம் செய்யாதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வலைத்தளம் சில நிமிடங்கள் நன்றாக ஓடும், சில நிமிடங்கள் தடுமாறும். சர்வர்கள், எச்ஏபிராக்சி, சான்றிதழ் எல்லாம் சரியாகவே இருந்தன. ஸ்விட்ச்சின் பதிவேட்டில் ஒரு மேக் முகவரி இரண்டு போர்ட்டுகளுக்கிடையே ஓயாமல் தாவிக்கொண்டிருந்ததைக் கண்டபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த மேக்கின் கடைசி இரு இலக்கங்கள் 33. பதினாறடிமானத்தில் 33 என்பது 51. கீப்அலைவ்டின் மாதிரிக் கோப்பில் குழு எண் 51 என்று இருக்கிறது. எங்கள் குழு அதை அப்படியே நகலெடுத்திருந்தது. பக்கத்துக் குழுவும் அப்படியே நகலெடுத்திருந்தது. இருவரும் மெய்நிகர் மேக்கையும் இயக்கியிருந்தோம். அரை நாள் போனது. அன்றிலிருந்து புதிய விலேனில் 51 என்ற எண்ணைத் தொடுவதே இல்லை.

சரி, இரண்டு இயந்திரங்களையும் லினக்ஸாக்கி இரண்டிலும் கீப்அலைவ்ட் வைத்துவிட்டீர்கள், அல்லது ஒரு பக்கம் கீப்அலைவ்டும் மறுபக்கம் வேறு நிறுவனத்தின் விஆர்ஆர்பி கருவியும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இப்போதும் பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது. கீப்அலைவ்ட் நீங்கள் சொல்லாவிட்டால் இரண்டாம் பதிப்பையே பேசும். மறுபக்கம் மூன்றாம் பதிப்பாக இருந்தால், பதிப்பு வேறு என்று பாக்கெட்டை எறிந்துவிடும். இரண்டு பதிப்புகளையும் கலந்து ஓட்டுவதை மூன்றாம் பதிப்பின் ஆவணம் மாறும் காலத்துக்கு மட்டுமே ஏற்கிறது, நிரந்தர ஏற்பாடாக அல்ல. இரண்டாம் பதிப்பில் அறிவிப்பு இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இல்லையென்றால் பாக்கெட் நிராகரிக்கப்படும். மூன்றாம் பதிப்பில் காத்திருக்கும் இயந்திரம் முதன்மையின் இடைவெளியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. இரண்டாம் பதிப்பு ஐபிவி4-க்கு மட்டுமே. ஐபிவி6 வேண்டுமானால் மூன்றாம் பதிப்பைத் தவிர வேறு வழியில்லை.

கடவுச்சொல் விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 1998-இன் ஆவணத்தில் எளிய கடவுச்சொல் முறை இருந்தது. 2004-இல் அதை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் பதிப்பில் அது இல்லவே இல்லை. கீப்அலைவ்ட் இரண்டாம் பதிப்பில் இன்னும் அதை ஆதரிக்கிறது, ஆனால் முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே பார்க்கும்; அதுவும் பாக்கெட்டுக்குள் திறந்த எழுத்தாகவே போகும். ஒரு பக்கம் கடவுச்சொல் வைத்து மறுபக்கம் அதை அறியாத கருவியை வைத்தால் இரண்டும் பேசா. என் கருத்தில் அதை வைப்பதால் பாதுகாப்பு எதுவும் கூடுவதில்லை. தவறுதலாகப் பக்கத்துக் குழுவின் பாக்கெட்டை ஏற்றுவிடாமல் தடுக்கும், அவ்வளவே. இன்னொன்று, மூன்றாம் பதிப்பில் ஐபிவி4-க்கான செக்சம் (பாக்கெட் சிதையவில்லை என்று காட்டும் எண்) கணக்கிடும்போது ஐபி முகவரிகள் அடங்கிய போலித் தலைப்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை எல்லோரும் ஒரே விதமாகப் புரிந்துகொள்ளவில்லை. இதற்கென்றே ஜூனிப்பர் கருவிகளில் தனி அமைப்பு உண்டு, கீப்அலைவ்டிலும் உண்டு. பதிப்பு, குழு எண், இடைவெளி, முகவரிப் பட்டியல் எல்லாம் சரியாக இருந்தும் இருவரும் முதன்மை என்று நின்றால் நான் பார்க்கும் அடுத்த இடம் இதுதான்.

எவ்வளவு நேரத்தில் மாறும் என்பதைக் கணக்கிடுவது எளிது. இரண்டாம் பதிப்பில் காத்திருக்கும் இயந்திரம் மூன்று இடைவெளிகள் பொறுத்துப் பார்க்கும். அதோடு, 256-இலிருந்து தன் முன்னுரிமையைக் கழித்து 256-ஆல் வகுத்த விநாடிகளையும் சேர்த்துக்கொள்ளும். முன்னுரிமை 100, இடைவெளி 1 விநாடி என்றால் ஏறத்தாழ 3.6 விநாடிகள். மூன்றாம் பதிப்பில் இடைவெளியை நூறில் ஒரு பங்கு விநாடி அளவில் தரலாம். 100 மில்லிவிநாடி வைத்தால் அதே கணக்கு 0.36 விநாடிக்கு வந்துவிடும். ஆனால் மெய்நிகர் இயந்திரங்களில் அவ்வளவு குறைக்காதீர்கள். அவற்றை ஓட்டும் ஹைப்பர்வைசர் ஒரு காப்புப்படம் எடுக்கும்போது அரை விநாடி உறைந்துபோனால் முகவரி தேவையில்லாமல் கைமாறும்.

எச்ஏபிராக்சி செத்துப்போனது விஆர்ஆர்பிக்குத் தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இயந்திரம் உயிரோடு இருக்கும்வரை அறிவிப்பு போய்க்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு சோதனை நிரலை இணைத்து, அது தேறினால் முன்னுரிமையில் 2 கூடும்படி அமைப்பது வழக்கம். முதன்மைக்கு 101, மற்றதற்கு 100 கொடுங்கள். இரண்டும் நலமாக இருந்தால் 103-உம் 102-உம். முதன்மையில் எச்ஏபிராக்சி நின்றால் அது 101-க்கு இறங்கும், 102 முந்திவிடும். இந்த எண்களை இடைவெளி விட்டு 150, 100 என்று வைத்துவிட்டு 2-ஐக் கூட்டினால் எச்ஏபிராக்சி இல்லாத இயந்திரமே முகவரியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இப்படி எழுதிய கோப்புகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மெய்நிகர் மேக் பற்றியும் இரண்டு பக்கமும் ஒரே முடிவு வேண்டும். கார்ப் எப்போதும் மெய்நிகர் மேக்கையே பயன்படுத்தும். கீப்அலைவ்ட் இயல்பாகத் தன் சொந்த மேக்கிலேயே முகவரியை ஏற்று, "இனி இந்த முகவரி என்னிடம்" என்று கேட்காமலேயே ஏஆர்பி அறிவிப்பு அனுப்பும். அந்த அறிவிப்பை மதிக்காத பழைய கருவி ஒன்று விலேனில் இருந்தால் மெய்நிகர் மேக்குக்கு மாறுங்கள். விஎம்வேர் போன்ற சூழலில் மெய்நிகர் மேக் வேண்டுமானால், மெய்நிகர் ஸ்விட்ச்சின் பாதுகாப்பு அமைப்பில் வேற்று மேக் முகவரிகளை அனுமதிக்க வேண்டும். இல்லையேல் அந்த மேக்கிலிருந்து புறப்படும் பாக்கெட்டுகளை ஸ்விட்ச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

முகவரி கைமாறினாலும் இணைப்புகள் கைமாறுவதில்லை. இந்த இடத்தில்தான் கலப்பு ஜோடி இரண்டாவது முறையாகத் தோற்கிறது. பிஎஸ்டி பக்கம் ஃபயர்வால் நிலையைப் பகிரும் பிஎஃப்சிங்க் இருக்கிறது; லினக்ஸ் பக்கம் கர்னலுக்குள் உள்ள லோட் பேலன்சரான ஐபிவிஎஸ்ஸுக்கு அதன் சொந்த ஒத்திசைவும், ஃபயர்வால் நிலைக்குக் கான்ட்ராக்டியும் இருக்கின்றன. இவற்றில் எதுவும் எதிர்ப்பக்கத்தோடு பேசாது. எச்ஏபிராக்சி மட்டும் விதிவிலக்கு: இரண்டு பக்கமும் எச்ஏபிராக்சி ஓடுவதால் அதன் பியர்ஸ் வசதி மூலம் எந்தப் பயனர் எந்தச் சர்வருக்கு என்ற அட்டவணையைப் பகிரலாம். டிசிபி இணைப்பு முறியத்தான் செய்யும். ஆனால் பயனர் மறுபடி வரும்போது பழைய சர்வருக்கே போவார். பெரும்பாலான வலைத்தளங்களுக்கு இது போதும்.

இனி இரண்டாம் வகை, அதாவது நான் பரிந்துரைக்கும் வழி. இரண்டு லோட் பேலன்சர்களிலும் 192.0.2.10/32 போன்ற முகவரியை லூப்பேக்கில் (இயந்திரத்துக்குள்ளேயே உள்ள மெய்நிகர் இடைமுகத்தில்) வைத்து, ஒவ்வொன்றும் இரண்டு ரூட்டர்களுக்கும் பிஜிபியில் அந்த முகவரியை அறிவிக்கட்டும். ஆக நான்கு அமர்வுகள். பிஜிபி பேசும் நிரல்களான எஃப்ஆர்ஆர், பேர்ட் ஆகிய இரண்டும் லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓடும். இங்கே ஒரு லோட் பேலன்சர் மற்றொன்று எந்த இயங்குதளம் என்று அறிய வேண்டியதே இல்லை; மறுபக்கம் ஒன்று இருக்கிறது என்றுகூட அதற்குத் தெரியாது. எச்எஸ்ஆர்பி இருந்த இடத்திலேயே இருக்கிறது: லோட் பேலன்சர்களிலிருந்து வெளியே போகும் பாதைக்கான கேட்வேயாக.

இதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். அந்த முகவரியை விலேனின் சப்நெட்டுக்குள்ளிருந்து (அதன் முகவரி வரம்பிலிருந்து) எடுக்காதீர்கள். எடுத்தால் அதே விலேனில் உள்ள இயந்திரங்கள் ரூட்டரிடம் போகாமல் நேராக ஏஆர்பி கேட்கும். லினக்ஸ் லூப்பேக் முகவரிக்கும் இயல்பாகப் பதில் சொல்லிவிடும் என்பதால், பாதிப் போக்குவரத்து உங்கள் திட்டத்துக்கு வெளியே ஓடும். ஏஆர்பி கேள்விகளுக்கு அந்தந்த இடைமுகத்தின் முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லுமாறு கர்னலை அமைப்பதும் நல்லது. அடுத்து, பிஜிபியின் பொறுமை. சிஸ்கோ ரூட்டர்களில் இயல்பான காத்திருப்பு 180 விநாடிகள்; இயந்திரம் திடீரென்று உறைந்தால் மூன்று நிமிடம் பாதிப் பயனர்கள் வெற்றிடத்தோடு பேசிக்கொண்டிருப்பார்கள். எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் பிஎஃப்டியைச் சேர்த்து 300 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, மூன்று தவறினால் துண்டி என்று அமைத்தால் ஒரு விநாடிக்குள் முடியும். மூன்றாவதாக, எச்ஏபிராக்சி விழுந்தால் அறிவிப்பைத் திரும்பப் பெறும் சிறு நிரல் இங்கேயும் வேண்டும். விஆர்ஆர்பிக்குச் சொன்ன அதே காரணம்தான்.

இரண்டு பாதைகளும் சமம் என்றால் ரூட்டர் ஈசிஎம்பி (சமமான பாதைகளுக்குப் பகிர்ந்து அனுப்பும்) முறையில் பிரிக்கும்: அனுப்புநர், பெறுநர் முகவரிகள், இரு போர்ட்டுகள், நெறிமுறை ஆகிய ஐந்தையும் ஹேஷ் செய்து (ஒரே எண்ணாகச் சுருக்கி) ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஒரு லோட் பேலன்சர் விழும்போது அதன் இணைப்புகள் போவது எல்லோரும் எதிர்பார்ப்பதே. எழுந்து வரும்போது மற்றதன் இணைப்புகளும் முறியும் என்பதை அதிகம் பேர் எதிர்பார்ப்பதில்லை. ஒன்று இரண்டாகும்போது ஹேஷ் பங்கீடு மாறி, உயிரோடிருக்கும் இணைப்புகளில் ஏறத்தாழ பாதி புதிதாக வந்த இயந்திரத்துக்குத் திருப்பப்படும். அதற்கு அவற்றைப் பற்றி எதுவும் தெரியாது. உடனே ரீசெட் அனுப்பும். எண்ணிக்கை கூடக்கூட இது மோசமாகும். வெறும் மீதி எடுக்கும் ஹேஷில் மூன்று நான்கானால் நான்கில் மூன்று பங்கு இடம் மாறும். எல்லை பிரிக்கும் முறையில் கால் முதல் அரைப் பங்கு வரை என்று 2000-இல் வந்த ஆர்எஃப்சி 2992 கணக்குக் காட்டுகிறது. கூகிள் 2008 முதல் பயன்படுத்தி 2016-இல் விவரங்களை வெளியிட்ட மேக்லெவ் என்ற லோட் பேலன்சர், எந்த இயந்திரத்துக்குப் பாக்கெட் போனாலும் எல்லாம் ஒரே பின்தளத்தையே தேர்ந்தெடுக்கும்படி ஹேஷை அமைத்து இதைத் தாண்டுகிறது. ஆனால் அது நான்காம் அடுக்குக்கான, அதாவது டிசிபி, யூடிபி பாக்கெட்டுகளை அப்படியே கடத்தும் லோட் பேலன்சர்களுக்கான, தீர்வு. இணைப்பைத் தானே முடித்துவைக்கும் எச்ஏபிராக்சிக்கு அது உதவாது.

அதனால் இரண்டே இயந்திரங்கள் இருக்கும் உங்களுக்கு என் யோசனை: ஒன்றின் அறிவிப்பில் ஏஎஸ் பாதையை (அறிவிப்பு கடந்து வந்த வலைகளின் பட்டியல்; நீளமானதை ரூட்டர் பின்தள்ளும்) நீட்டி அதைக் காத்திருப்பாக வையுங்கள். பிஜிபியின் மேல் ஒரு முதன்மை-காத்திருப்பு ஜோடி. அழகில்லைதான், ஆனால் பராமரிப்புக்குப் பின் எப்போது திரும்ப மாற்றுவது என்பது உங்கள் கையில் இருக்கும், ரூட்டரின் ஹேஷின் கையில் அல்ல. ஒரு இயந்திரத்தின் கொள்ளளவு போதாமல் போகும் நாளில் நீட்டலை எடுத்துவிடலாம்.

வலைப் பிழைகளைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி பற்றி ஒரு வார்த்தை. வழியில் உள்ள ஏதோ ஒரு ரூட்டர் "பாக்கெட் பெரிது" என்று அனுப்பும் செய்திக்கு அனுப்புநர் முகவரி வேறு, போர்ட்டும் கிடையாது. ஆகவே ஈசிஎம்பியில் அது தவறான லோட் பேலன்சருக்குப் போய்விடலாம். பெரிய பக்கங்கள் மட்டும் சிலருக்கு நடுவில் நின்றுபோவதாகப் புகார் வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல் இருக்கட்டும். 2016-இன் ஆர்எஃப்சி 7690 இதையே பேசுகிறது.

இனி மூன்றாவது பொருளுக்கு, உங்கள் டிஎன்எஸ் கேள்விக்கு வருகிறேன். டிசிபி 53-உம் யூடிபி 53-உம் கர்னலைப் பொறுத்தவரை தனித்தனி வாசல்கள். ஒரே முகவரியில் இரண்டையும் இரண்டு வேறு நிரல்கள் கேட்பதில் முரண் இல்லை. டிஎன்எஸ்ஸுக்கு டிசிபி கட்டாயம் என்பதை 2016-இன் ஆர்எஃப்சி 7766 ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டதால் இரண்டும் வேண்டும். எச்ஏபிராக்சியின் இலவசப் பதிப்பு யூடிபி டிஎன்எஸ்ஸைப் பகிர்ந்தளிக்காது. டிசிபியை அதிலும் யூடிபியை ஐபிவிஎஸ்ஸிலும் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் ஐபிவிஎஸ் லினக்ஸுக்கு உரியது. உங்கள் மறுபக்கம் பிஎஸ்டி. இரண்டு பக்கமும் ஓடும் டிஎன்எஸ்டிஸ்ட் என்ற டிஎன்எஸ் லோட் பேலன்சரிடம் டிசிபி, யூடிபி இரண்டையுமே ஒப்படைத்துவிடுவதுதான் தெளிவான வழி. பதில்களின் அளவை 2020-இன் டிஎன்எஸ் ஃப்ளாக் டே என்ற கூட்டு முயற்சி பரிந்துரைத்த 1232 பைட்டுக்குள் நிறுத்துங்கள்; துண்டாகிப்போன யூடிபி பாக்கெட்டின் இரண்டாம் துண்டில் போர்ட் எண் இருக்காது என்பதால் ஹேஷ் அதை வேறு இடத்துக்கு அனுப்பிவிடும்.

எச்டிடிபி3-ஐ இயக்கும் எண்ணம் இருந்தால் 443-இலும் இதே நிலை வரும்: டிசிபியோடு யூடிபியும் அதே முகவரியில், அதே லோட் பேலன்சரில் இருக்க வேண்டும். எச்டிடிபி3-க்கு அடியில் யூடிபியில் ஓடும் க்விக் இணைப்பு, பயனர் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் தொடரும்படி அமைந்தது. ஆனால் அப்போது பயனரின் ஐபி மாறுவதால் ஈசிஎம்பி அவரை மற்ற இயந்திரத்துக்கு அனுப்பிவிடும். முதன்மை-காத்திருப்பு ஏற்பாட்டில் இந்தச் சிக்கலும் எழாது.

நாளை இதைக் குபெர்னெட்டீஸுக்கு (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் தளத்துக்கு) நகர்த்தினால் போர்ட் பங்கீடு மறுபடி கேள்வியாகும். ஒரே லோட் பேலன்சர் சர்வீசில் டிசிபியையும் யூடிபியையும் கலப்பது 1.26-ஆம் பதிப்பில்தான் நிலைபெற்றது. அதையும் உங்கள் லோட் பேலன்சர் செயலாக்கம் ஏற்க வேண்டும். சொந்த இயந்திரங்களில் ஓடும் குபெர்னெட்டீஸுக்கான லோட் பேலன்சரான மெட்டல்எல்பியில் இரண்டு சர்வீஸ்கள் ஒரு முகவரியைப் பகிரலாம்: இரண்டிலும் ஒரே பகிர்வுச் சாவி இருக்க வேண்டும், போர்ட்டோ நெறிமுறையோ மோதக் கூடாது, வெளிப் போக்குவரத்துக் கொள்கை இரண்டிலும் கிளஸ்டர் என்று இருக்க வேண்டும் அல்லது இரண்டும் அச்சாக அதே பாட்களை (கன்டெய்னர் தொகுதிகளை) சுட்ட வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் பலர் சிக்குகிறார்கள்.

கிளவுடுக்குப் போனால் மேலே சொன்ன முதல் வகை அப்படியே நகராது. அமேசானின் விபிசிக்குள் (கிளவுடில் உங்களுக்கென ஒதுக்கிய தனி வலைக்குள்) மல்டிகாஸ்ட் இயல்பாகக் கிடைக்காது. கேட்காமல் அனுப்பும் ஏஆர்பி அறிவிப்பையும் அது பொருட்படுத்தாது. கீப்அலைவ்டை யூனிகாஸ்ட்டில் (ஒருவருக்கு மட்டும் நேராக அனுப்பும் முறையில்) பேசவைத்து, முதன்மையாகும்போது ஒரு நிரல் ஏபிஐ வழியாக முகவரியை நகர்த்துமாறு எழுத வேண்டியிருக்கும். கூகிள் கிளவுடின் பாஸ்த்ரூ (பாக்கெட்டை அப்படியே கடத்தும்) லோட் பேலன்சர்களில் விதியின் நெறிமுறையும் பின்தளத்தின் நெறிமுறையும் பொருந்த வேண்டும்: டிசிபி விதிக்கு டிசிபி அல்லது குறிப்பிடாத வகைப் பின்தளம் ஆகும், எல்லா நெறிமுறைகளையும் ஏற்கும் விதிக்குக் குறிப்பிடாத வகை மட்டுமே ஆகும், அதில் எல்லாப் போர்ட்டுகளையும் திறந்தாக வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள். அந்த விலேனில் 112-ஆம் நெறிமுறையை ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்து, வரும் குழு எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏழு முகவரிகளோடு வருபவை கார்ப், மற்றவை விஆர்ஆர்பி. பிஜிபி வழிக்கே போவதானாலும் ஃபயர்வாலில் உள்ள பழைய கார்ப் முகவரியை அணைத்த பிறகு இன்னொரு முறை பிடித்துப் பாருங்கள். அணைத்துவிட்டதாக நினைத்த ஒன்று அந்தப் பட்டியலில் இன்னும் பேசிக்கொண்டிருந்தால், அறிவிப்பை ரூட்டருக்கு அனுப்பும் வேலையை அது அடங்கும்வரை தள்ளிவையுங்கள்.